இரண்டு புள்ளிகள்

ஒரு நேர்கோட்டின் சாய்வைக் காண இரண்டு புள்ளிகள் போதும். செங்குத்தில் ஏற்பட்ட மாறுதலைக் கிடையில் ஏற்பட்ட மாறுதலால் வகுக்க வேண்டும். பள்ளிக்கூடக் கணிதம்தான். 1961இல் இந்திய ஜனத்தொகை 43.9 கோடி, 1971இல் 54.8 கோடி. வித்தியாசம் 10.9 கோடி. பத்தால் வகுத்தால் வருஷத்துக்கு 1.09 கோடி. கணக்கில் பிழையில்லை.

ஆனால் அது நேர்கோடுதான் என்பதைக் கணக்கு போடுமுன்பே நாம் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். இரண்டு புள்ளிகள் வழியாக எத்தனையோ வளைகோடுகள் போகலாம். நேர்கோடு ஒன்றே ஒன்றுதான் போகும். ஒன்றுதான் என்பதாலேயே அதை நிஜம் என்று மனம் நம்பிவிடுகிறது. வேறு இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். 1911இல் 25.21 கோடி, 1921இல் 25.13 கோடி. இடையில் 1918இன் இன்ஃப்ளூயன்ஸா. சாய்வு எதிர்க்குறி பெறுகிறது. இந்தக் கோட்டை நீட்டியவன், தேசம் மெல்ல அழிந்துகொண்டிருப்பதாகச் சொல்லியிருப்பான். அவன் கணக்கிலும் பிழை இருந்திருக்காது.

இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட துண்டின் சராசரியைத்தான் சாய்வு சொல்கிறது. அப்பால் நீட்டுவது பயத்தின் காரியம், அல்லது ஆசையின் காரியம். பயந்தவர்கள் கையில் அதிகாரமும் இருந்தால் கோடு காகிதத்தோடு நிற்பதில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்ற ஒரே ஆண்டில், 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை நடந்தது. பெரும் பகுதி ஆண்கள். பல மாநிலங்களில் பள்ளி ஆசிரியர்கூட இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும் என்று இலக்கு வைக்கப்பட்டது. பலர் விரும்பி வந்தவர்கள் அல்ல.

கோடு பொய்த்தது என்று காட்டிவிட்டால் இந்த வன்முறை தவறு என்று நிரூபணமாகிவிடும் என நாம் நினைக்கிறோம். விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. அதே சாய்வை நீட்டினால் 2011இல் 98.4 கோடி வரவேண்டும். இருந்ததோ 121 கோடி. நிஜம் கோட்டையும் தாண்டி மேலே போயிற்று. ஆனால் பயந்த மாதிரி கோடிக்கணக்கில் ஜனங்கள் பட்டினியில் சாகவில்லை. 1971இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்துக்கு மேலிருந்த குழந்தைகள், 2019-21இல் இரண்டாகிவிட்டன. கோடு ஒரு கணக்கில் குறைத்துச் சொன்னது. இன்னொன்றைச் சொல்லவே இல்லை.

சரி, கோடு அச்சுப் பிசகாமல் பலித்திருந்தால்? அப்போதும் அறுவை மேஜையில் கட்டாயமாகப் படுக்கவைக்கப்பட்டவனுக்கு இழைத்தது தவறுதான். சாய்வு 54 கோடிப் பேரைப் பற்றியது. அவனைப் பற்றி அதில் ஒரு தகவலும் இல்லை. சராசரியிலிருந்து ஒரு மனிதனின் உடம்புக்கு இறங்கிவரும் படி எந்தக் கணிதத்திலும் கிடையாது. அந்தப் படியை யாரோ ஒருவர் தன் பொறுப்பில் வைக்கிறார். பிறகு கணக்கின் மேல் பழியைப் போடுகிறார்.

ஒருவனை இரண்டு தடவை சந்தித்துவிட்டு அவன் எங்கே போய் முடிவான் என்று நாமும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒரு கவிஞனின் இரண்டு தொகுதிகளை வைத்துச் சரிவு என்று எழுதுகிறோம். சந்தித்தது உண்மை, படித்ததும் உண்மை. நீட்டிய கோடு மட்டும் நம்முடையது.