வீரத்துக்குப் பிறப்பு ஏது?

கொங்குச் சீமையின் சிற்றூர்களிலே, வாளேந்திய வீரன் உருவம் பொறித்த நடுகற்கள் நிற்கின்றன. ஊரைக் காக்க உயிர் கொடுத்தவனுக்கு ஊரார் நட்ட கல்! இன்றோ, மஞ்சள் பூசுகிறோம், மாலை சூட்டுகிறோம், கற்பூரம் கொளுத்துகிறோம். அவன் ஏன் மாண்டான் என்று கேட்க மட்டும் மறந்துவிட்டோம். கல் கடவுளாயிற்று, கருத்து காற்றிலே போயிற்று.

போர்வீரன் பெறும் பதக்கத்துக்கும் அந்தக் கதி நேரலாமா?

1944 பிப்ரவரி 24. இத்தாலி நாட்டு மிஞ்ஞானோ அருகே மதராஸ் சாப்பர்ஸ் படையினர். அவர்களிலே ஒருவர், தமிழகத்துச் சுபேதார் சுப்பிரமணியன். கண்ணிவெடி ஒன்று மிதிபட்டது. வெடிக்க இருந்தவை சில நொடிகளே. ஓடியிருக்கலாம், ஓடவில்லை. அதன்மீதே பாய்ந்து தன் உடலால் மூடினார். தோழர்களைக் காத்தார், தான் மாண்டார். மறைவுக்குப்பின் ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. கொன்று குவித்ததற்காக அல்ல, தோழர்களே, காத்ததற்காக!

யார் இவர்? 'போர்க்குணம் அற்றோர்' என்று ஒதுக்கப்பட்ட மண்ணின் மைந்தர்! 1885 முதல் 1893 வரை இந்தியப் படைத் தலைவராயிருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு ஏற்றவரல்லர் என்றார். 'போர்ச் சாதி' என்றொரு கோட்பாடு வகுத்தனர். சென்னைக் காலாட்படைகளைப் படிப்படியாகக் கலைத்தனர். வருணம் சீருடை தரித்து வந்தது! இரண்டாம் உலகப்போர் மூண்டதும் ஆள் தேவைப்பட்டது. கலைத்த படையை மீண்டும் திரட்டினர். கோவைக்கு அடுத்த நீலகிரியிலே, வெலிங்டனில், மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இன்று கம்பீரமாக நிற்கிறது. பிறப்பா வீரம் தந்தது? பயிற்சியும் பாசமும் அல்லவா தந்தன!

"அந்நியன் கொடிக்கீழ் மாண்டது வீரமா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1939-இல் நம்மைக் கேளாமலே நம்மைப் போரில் இறக்கியது ஏகாதிபத்தியம். ஆக்கிரமிப்பாளன் படையிலும் அஞ்சாதவன் உண்டு. ஆகவே, துணிவு மட்டுமே அறமாகிவிடாது. எதற்காகத் துணிந்தான் என்பதே உரைகல். அந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். அந்தச் சில நொடிகளில் அவர் காத்தது பேரரசையா? இல்லை, பக்கத்திலே நின்ற மனிதனை! பதக்கம் பேரரசன் தந்தது, செயலோ மனிதனுடையது.

அவ்வாறாயின், இன்னொரு கேள்வி. கழிவுநீர்த் தொட்டியிலே நச்சுக் காற்றால் மயங்கி விழுந்த தோழனைத் தூக்க, அடுத்தவன் இறங்குகிறான், அவனும் மடிகிறான். மனிதனை அப்படி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பின்னரும் இச்சாவுகள் ஓயவில்லை. மிஞ்ஞானோவில் நிகழ்ந்ததும் இதுவன்றோ? அங்கே பதக்கம், இங்கே பத்திரிகையிலே நான்கு வரி! அவனை அந்தக் குழிக்கு அனுப்பியதும் பிறப்பைப் பார்த்த அதே கோட்பாடுதான்.

சுப்பிரமணியனுக்கு வணக்கம் செலுத்துவோம். ஆனால், கும்பிட்டுக் கலைந்துவிட வேண்டாம். இனி எவனும் அந்தக் குழியிலே இறங்கி வீரனாக வேண்டிய நிலை இல்லாத நாட்டை ஆக்குவோம். அதுவே நாம் நட வேண்டிய நடுகல்!