ஈயச் சிப்பாய்களும் நமது ஏக்கமும்

சென்றுபோன காலத்து விளையாட்டுப் பொருள்கள் மீது மனிதர்க்குள்ள பற்று விந்தையானது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நரை முதிர்ந்த பெரியோர் பலர், இரண்டங்குல உயரமுள்ள ஈயச் சிப்பாய்களைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காக்கின்றனர். அவற்றை வார்த்தெடுத்த முன்னோடிகளின் பெயரைக் குருமார் பெயரைப்போல் உச்சரிக்கின்றனர். ஆங்கிலப் பள்ளியில் பயின்று, ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் அப்படைகளைக் கண்டு மயங்கிய தோட்டத்துக் கிராணிகளாகிய நமக்கும் அவ்வேக்கம் சிறிது உண்டு. யுத்தம் கொடியது என்றறிந்த ஒருவன் யுத்தப் பொம்மையை நினைத்து உருகுவது தகுமா? இதுவே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினா.

முதற்கண் அப்பொம்மைகளின் வரலாற்றைச் சிறிது காண்போம். ஜெர்மானியர் நெடுங்காலம் தட்டையாகவும் கட்டியாகவும் வார்த்துவந்த சிப்பாயை, 1893இல் லண்டன் நகரத்து இளைய வில்லியம் பிரிட்டன் உள்ளீடற்றதாக வார்க்கும் வழியைக் கண்டார். உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்த மாத்திரத்தில் நடுவிலுள்ளதைக் கவிழ்த்துவிடுவதே அம்முறை. ஈயம் மிஞ்சியது, விலை தாழ்ந்தது, எளிய வீட்டுப் பிள்ளைகளின் கைக்கும் படை வந்தது. 1913இல் எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆசிரியர் 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலால் அச்சிப்பாய்களைக்கொண்டு போர் விளையாடும் விதிகளை வகுத்தார். 1957இல் கலிபோர்னியாவில் ஜாக் ஸ்குருபி என்பார் இவ்விளையாட்டுக்கென ஒரு பத்திரிகை தொடங்கினார். தாமே சிப்பாய்களை வார்த்தும் விற்றார். ஈயத்தின் நஞ்சு பற்றிய அச்சத்தால் பிரிட்டன் கம்பெனியார் 1966இல் ஈய வார்ப்பை நிறுத்தினர். நின்றுபோன பொருளாதலின் ஏக்கமும் பெருகிற்று.

இப்பொம்மைகளே பிள்ளைகளின் நெஞ்சில் போர்வெறியை விதைத்தன என்பாரும் உளர். வெல்ஸ் அதற்கு நேர்மாறாக உரைத்தார். தரையில் சிறுபோர் நடத்திப் பார்த்தவன், மெய்ப்போர் எத்துணைக் குழறுபடியான மூடத்தனம் என்பதை உணர்வான் என்பது அவர் வாதம். நூல் வெளிவந்த மறுவருஷமே ஐரோப்பா முழுதும் தீப்பற்றியது. ஆதலின் பொம்மை யுத்தத்தைத் தடுத்தது என்பதற்கில்லை. சிப்பாய்ப் பொம்மையையே காணாத நாடுகளிலும் போர் நடந்திருப்பதால், பொம்மைதான் யுத்தத்தை மூட்டியது என்பதற்குமில்லை. 1962இல் இவ்விளையாட்டைப் பற்றி நூலெழுதிப் பலர்க்குக் கற்பித்த டொனால்ட் பெதர்ஸ்டோன், இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தவர். மெய்ப்போரைக் கண்டவரும் பொம்மைப் போரை விரும்பினார் என்றால், குற்றம் பொம்மையில் இல்லை. பின் எதில் உளது?

சிப்பாய்ப் பெட்டி எதைக் காட்டி எதை மறைக்கிறது என்பதில் உளது. பிரிட்டன் கம்பெனியார் சென்னைக் குதிரைப்படையையும் சென்னைக் காலாட்படையையும் வார்த்து விற்றனர். பெட்டிக்குள் நம் நாட்டுச் சிப்பாய் நெஞ்சு நிமிர்த்தி நடந்தான். அந்நாட்களிலோ மெய்யான சென்னைச் சிப்பாய்க்கு வேறு விதி எழுதப்பட்டது. 1885 முதல் 1893 வரை இந்தியப் படைத் தலைவராயிருந்த ராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டாரிடம் வீரம் குன்றிற்று என்றும், வடமேற்குச் சாதியாரே பிறவி வீரர் என்றும் கொண்டார். சென்னைப் பட்டாளங்கள் சுருக்கப்பட்டன. பொம்மை செய்வோனோ ஒரே அச்சில் வார்த்த உருவத்துக்கு வெவ்வேறு வண்ணம் தீட்டி, வெவ்வேறு படை என்று விற்றதும் உண்டு. பிறப்பினால் வீரமும் கோழைமையும் வகுக்கும் கொள்கையும் மேற்பூச்சு வண்ணத்தைப் போன்றதே அன்றோ?

நிற்க. நாம் வாழும் தைப்பிங் நகரின் பெயர்க்குப் பேரமைதி என்பது பொருள். வெள்ளீயச் சுரங்கங்களின் பொருட்டுச் சீனக் கூட்டத்தார் ஆண்டுக்கணக்காக வெட்டி மடிந்த லாருட் சண்டைகள் 1874இல் ஓய்ந்த பின்னர் இடப்பட்ட பெயர் அது. மலைக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் இரண்டாம் உலகப் போரில் மாண்டோர் கல்லறைகள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. எண்ணூறுக்கும் மேற்பட்ட அக்கல்லறைகளில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவற்றில் கிடப்போர் இன்னாரென்று அறியப்படவில்லை. அவர்க்காவது கல் உண்டு. ஜப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் சயாம் ரயில்பாதை போடுவதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசென்ற தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். காலராவாலும் பசியாலும் காட்டில் மடிந்தவருள் மிகப் பலர்க்குத் தனிக் கல்லுமில்லை, பெயருமில்லை. ஆள்பெயரைப் பதிவேட்டில் எழுதிப் பிழைக்கும் நமக்கு, எழுதப்படாத அப்பெயர்களே பெரும் பாரமாகத் தோன்றுகின்றன.

எந்தச் சிப்பாய்ப் பெட்டியிலும் மண்வெட்டியோடு ரயில்பாதை வெட்டி மாண்ட கூலி இல்லை. பொம்மையின் அடியில் கம்பெனியின் பெயர் உண்டு. பிரஷ் பிடித்து முகந்தீட்டிய தொழிற்சாலைப் பெண்களின் பெயர் இல்லை. ஏக்கம் என்பது அழகானதை மாத்திரம் எடுத்துவைத்து, மற்றதைத் தள்ளிவிடும் இயல்பினது. அதனால்தான் ஏக்கத்தைக் கணக்குப் பார்க்கவேண்டியுளது.

ஆகவே நம் முடிபு இது: பழைய பொம்மையை எறியவும் வேண்டா, அதைச் செய்த கைத்திறனைப் போற்றுவதில் இழுக்குமில்லை. ஆயின் அப்பொம்மையைப் பிள்ளையின் கையில் கொடுக்கும்போது, அதனோடு மெய்க் கதையையும் கொடுத்தல் பெரியோர் கடன். பொம்மை விழுந்தால் மறுபடி நிறுத்தலாம், மனிதன் விழுந்தால் நிறுத்தவியலாது என்பதை அப்பிள்ளை அறியவேண்டும். அவ்வறிவோடு சேர்ந்த ஏக்கம் தீங்கு செய்யாது. அஃதில்லாத ஏக்கம், பொம்மை ஒன்றுகூடக் கையில் இல்லாதவனையும் அடுத்த யுத்தத்துக்கு ஆயத்தமாக்கும்.