பசுவைப் படைத்தவர் யார்?

பால் குடிப்பவர் சைவம், மாட்டுக்கறி தின்பவர் பாவி என்று திருச்சி கே.கே. நகரில் இன்னும் சில வீடுகளில் கணக்கு வைத்திருக்கிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் அட்வான்ஸ் எவ்வளவு என்பதற்கு முன்பே "நீங்க என்ன சாப்பிடுவீங்க?" என்ற கேள்வி வருகிறது. கேட்கிறவர் காலையில் குடித்த காபியும், கேட்கப்படுகிறவர் ஞாயிற்றுக்கிழமை வாங்கும் கறியும் ஒரே தொழுவத்திலிருந்து வந்தவை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும். கணக்கைப் பார்ப்போம்.

பக்கத்திலேயே கொட்டப்பட்டில் ஆவின் பால் பண்ணை இருக்கிறது. கிராமத்துச் சங்கத்தில் ஊற்றும்போதே கொழுப்பும் கொழுப்பல்லாத திடப்பொருளும் (எஸ்.என்.எஃப்.) பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். நீலப் பாக்கெட்டில் 3 சதவீதக் கொழுப்பு, ஆரஞ்சில் 6. இவ்வளவு நுணுக்கமாக அளக்கிற நாம் ஒன்றை மட்டும் கேட்பதில்லை. மாடு சும்மா பால் தராது. சினை ஊசி போட்டு, ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல் சுமந்து, கன்று ஈன்றால்தான் மடி சுரக்கும். அந்தக் கன்று எங்கே?

கறவை நேரத்தில் ஒரு தொழுவத்தில் போய் நின்று பாருங்கள். கன்றை அவிழ்த்துவிடுகிறார்கள். அது ஓடிவந்து மடியை முட்டி, நாலு வாய் உறிஞ்சுகிறது. அந்த முட்டலில் மாட்டின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து ரத்தத்தில் கலந்து மடிக்கு வருகிறது. காம்பு விடைக்கிறது, பால் இறங்குகிறது. உடனே கன்றைப் பிடித்து இழுத்து, தாயின் நாக்குக்கு எட்டுகிற, கன்றின் வாய்க்கு மடி எட்டாத தூரத்தில் கட்டுகிறார்கள். தாய் நக்கிக்கொண்டே நிற்கும், கறப்பவர் கறந்துகொண்டே இருப்பார். கிடாரிக் கன்றென்றால் ஒரு காம்பை விட்டுவைப்பதுண்டு, அது நாளைய கறவை மாடு. காளைக்கன்றுக்கு அந்தச் சலுகையும் குறைவு. கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோலை அடைத்துத் தாய் முன்னால் நிறுத்திக் கறந்த நாடு இது.

ஈனும் கன்றுகள் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாட்டினத்தில் பெண் 14.51 கோடி, ஆண் சுமார் 4.74 கோடி. மிச்சத்தைப் பூமி விழுங்கவில்லை. ஏரை டிராக்டர் வாங்கிக்கொண்டது. ஜெர்சிக் கலப்புக் காளைக்குச் சொல்லிக்கொள்ளும்படி திமில் கிடையாது, சூரியூர் ஜல்லிக்கட்டு வாடிவாசலில் அதற்கு வேலையில்லை. இருபது வருஷம் வாழக்கூடிய பசுவும் ஐந்தாறு ஈத்துக்குப் பிறகு பால் வற்றினால் அதே வழிதான்: மாட்டுச் சந்தை, அடிமாட்டு லாரி, கேரளம். விற்றவர் கொடுமைக்காரர் அல்ல. காளைக்கன்றின் தீவனத்துக்கு நாம் கொடுக்கும் பால் விலையில் காசு இல்லை. ஆகவே அந்த லாரியில் மாட்டை ஏற்றியதில் கறி வாங்குபவருக்கு உள்ள பங்கு பால் வாங்குபவருக்கும் உண்டு.

"பசு தெய்வமாயிற்றே" என்பார்கள். ஸ்ரீரங்கத்தில் விடியற்காலை விஸ்வரூப தரிசனத்துக்குப் பெருமாள் முன்னால் பசுவைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நிறுத்தட்டும். அந்தப் பசுவைச் செய்தது யார் என்பதற்குத் தடயம் மண்ணில் இருக்கிறது. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் சிந்துவெளிப் பக்கத்தில் காட்டு மாட்டைப் பிடித்துக் கட்டியவர்கள் மனிதர்கள். சாதுவானதை இனவிருத்திக்கு வைத்துக்கொண்டார்கள், முட்டியதைத் தின்றார்கள். இப்படியே ஆயிரமாயிரம் ஆண்டுகள். காட்டு மாட்டின் ஐரோப்பியக் கிளையில் கடைசி மாடு 1627-இல் போலந்தில் செத்தது. 2021-இல் சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மண்டையோடுகளை ஒப்பிட்டார்கள். உடல் அளவோடு பார்த்தால் வீட்டு மாட்டின் மூளை காட்டு மாட்டின் மூளையைவிடக் கால்பங்கு சிறியது. மனிதக் கை அதிகம் படும் கறவை இனங்களில் இன்னும் சிறியது. டார்வின் 1859-இல் தம் நூலின் முதல் அத்தியாயத்தையே வளர்ப்புப் பிராணிகளுக்கும் பயிர்களுக்கும்தான் ஒதுக்கினார். பசு மனிதன் செய்த உயிர்.

பகுத்தறிவுத் தோழர்களே, அதற்குள் கைதட்ட வேண்டாம். பசு புனிதமில்லை என்று நிரூபித்துவிட்டு, "மிருகம் மனுஷனுக்காகத்தானே" என்று நாம் இலையில் உட்கார்ந்துவிடுகிறோம். அது யார் வாக்கு? மிருகங்களை ஆளும் உரிமையை மனிதனுக்குக் கொடுத்தது ஆதியாகமத்துக் கடவுள். கடவுளைத் துரத்திவிட்டு அவர் எழுதிக்கொடுத்த பட்டாவை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்வது என்ன பகுத்தறிவு? பக்தருக்காவது கர்மவினை என்று கைகழுவ வழி இருக்கிறது. நமக்கு அந்த வழியும் இல்லை.

காளைக்கன்றின் கதிக்கு அறிவியல் ஒரு பாதி விடை தந்திருக்கிறது. பெண் கன்றைத் தரும் விந்தணுவில் டி.என்.ஏ. சுமார் 4 சதவீதம் கூடுதல். அதை வைத்துப் பிரித்தெடுத்த ஊசியைப் போட்டால் பத்தில் ஒன்பது கிடாரி. பிறக்காத காளைக்கன்றுக்குப் பசியில்லை, சரி. ஆனால் அந்த ஊசி விற்பது இரக்கத்தால் அல்ல, செலவு மிச்சமாவதால். வற்றிய பசுவுக்கு அதில் பதிலும் இல்லை.

பாலை விடு, கறியை விடு என்று நான் சொல்ல வரவில்லை. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசிச் சொல்லும் நன்றி மாட்டுக்குப் புரியாது. அதற்குத் தெரிவது வற்றிய காலத்திலும் தீவனம், லாரியில் நிற்க இடம், வெட்டும்போது வலியில்லாத சாவு. மூன்றுக்கும் காசு வேண்டும். பால் லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏறினால் கொதிக்கிற நாம், இந்தச் செலவையும் சேர்த்து விலை வையுங்கள் என்று கேட்கத் தயாரா?