பந்தி வஞ்சனை

ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் இலையில் நெய்யை வார்த்துவிட்டு, அடுத்தவர் இலையைக் கவனியாததுபோல் தாண்டிப் போவதைப் பந்தி வஞ்சனை என்பார்கள். சாப்பாடே போடாமல் அனுப்புவதைவிட இதைப் பெரிய பாவமாக நம் பெரியவர்கள் கருதினார்கள். இன்றைய வீடியோ கேம் வியாபாரத்தைப் பார்க்கும்போது இந்தப் பழைய சொல்தான் நினைவுக்கு வருகிறது.

நாவல் அச்சாகிவிட்டால் அதோடு தீர்ந்தது. பிழை இருந்தால் அந்தப் பதிப்பின் எல்லாப் பிரதிகளிலும் இருக்கும். வாங்கினவர்கள் எல்லாரும் சமமாகச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். வீடியோ கேம் அப்படியன்று. விற்ற பிறகும் பிழைகளைத் திருத்தி, புதிய பகுதிகளைச் சேர்த்து, அப்டேட் என்று அனுப்புகிறார்கள். அந்த நம்பிக்கையோடுதான் பலரும் பணம் கொடுக்கிறார்கள். அந்த அப்டேட் கடைக்குக் கடை வேறுபட்டால் என்ன நியாயம்?

2018 ஜூலையில் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விளையாட்டுக்குப் பெரிய அப்டேட் ஒன்று வந்தது. அதுவரை கிரகம் கிரகமாகத் தனியே திரிந்தவர்கள், இனி நண்பர்களோடு சேர்ந்து திரியலாம் என்பதுதான் அதன் பெரிய கவர்ச்சி. ஸ்டீம் கடையில் வாங்கியவர்களுக்கு அது உடனே கிடைத்தது. ஜி.ஓ.ஜி. என்ற கடையில் வாங்கியவர்களுக்கோ, சேர்ந்து விளையாடும் வசதி மட்டும் பின்னால் வரும் என்று பதில் வந்தது. ஜி.ஓ.ஜி. 2008-ல் தொடங்கிய கடை. வாங்கிய விளையாட்டைப் பூட்டுப் போடாமல் கையில் கொடுத்துவிடுவது அதன் கொள்கை. காசு கொடுத்த பொருள் தமக்கே சொந்தமாக வேண்டும் என்று எண்ணித்தான் பலர் அங்கே போகிறார்கள். அவர்கள் இலையில்தான் நெய் விழவில்லை!

தயாரிப்பாளர் பக்கத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? விளையாடுகிறவர்களை ஒன்றுசேர்க்கும் ஏற்பாடு பெரும்பாலும் அந்தந்தக் கடையைச் சார்ந்தே இருக்கிறது. இன்னொரு கடைக்கென்றால் தனியாகச் செய்து, தனியாகச் சோதிக்க வேண்டும். ஆட்கள் குறைவு, அந்தக் கடையில் வாங்கினவர்களும் குறைவு. சில சமயம் தடை கடைக்காரரிடமிருந்தே வரும். 2012-ல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த 'ஃபெஸ்' என்ற விளையாட்டின் அப்டேட், சிலர் சேமித்து வைத்திருந்த ஆட்டத்தைப் பாழாக்கியது. மீண்டும் திருத்தி அனுப்புவதென்றால் மைக்ரோசாப்டுக்குப் பல்லாயிரம் டாலர் கட்டவேண்டும் என்று சொல்லி, தயாரித்த பாலிட்ரான் நிறுவனம் அதே அப்டேட்டைத் திரும்ப வெளியிட்டது. ஸ்டீமில் விற்றிருந்தால் செலவில்லாமல் திருத்தியிருப்போம் என்றும் சொன்னது. அந்தக் கட்டணத்தை மைக்ரோசாப்ட் 2013-ல் கைவிட்டது.

பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்பது அன்று சொன்ன சமாதானம். கணக்குப் புத்தகத்தில் அது அற்பமான எண்தான். ஆனால் அந்த ஒருவருக்குப் போனது அவருடைய ஆட்டம் முழுவதும். சிலபேர்தானே என்பதால் அவர் கொடுத்த காசு செல்லாக் காசாகிவிடுமா?

பிழையைத் திருத்துவது கடன். புதிதாகச் சேர்ப்பது அன்பளிப்பு என்று வேண்டுமானால் பிரித்துப் பேசலாம். கடனில் பாரபட்சம் கூடாது என்பதை எவரும் ஒப்புவர். அன்பளிப்பைக்கூட, ஊரறிய விளம்பரம் செய்து விற்பனையைப் பெருக்கிக்கொண்ட பிறகு, வெறும் தயவு என்று சொல்லிவிட முடியாது.

தாமதத்தை மன்னிக்கலாம், மௌனத்தை மன்னிக்க முடியாது. 2018-ல் ஜி.ஓ.ஜி. குறையை முன்கூட்டியே அறிவித்து, மனம் ஒப்பாதவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னது. அது மரியாதையான காரியம். விற்பதற்கு முன்பே, "இங்கே வாங்கினால் அப்டேட் தாமதமாக வரும்" என்று எழுதிவைப்பது இன்னும் மரியாதை. நெய் தீர்ந்துவிட்டால் தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். எந்த விருந்தாளியும் கோபித்துக்கொள்ள மாட்டார். இலையைப் பார்க்காததுபோல் தாண்டிப் போவதுதான் தவறு.