கழுகுமலைச் சமணமும் கடற்பாசியில் சேரும் உலோகமும்

யாரும் நினைத்துச் செய்யாத, கண்ணுக்கும் புலப்படாத தீங்கு குற்றமாகுமா என்பது இந்தியச் சமயங்கள் நெடுங்காலம் வாதிட்ட கேள்வி. செயலுக்குப் பின்னுள்ள எண்ணமே வினை என்றது பௌத்தம். சமணம் அவ்வளவு எளிதில் விடவில்லை. அதன் கொள்கையில் வினை என்பதே நுண்ணிய பருப்பொருள். அறியாமல் செய்தாலும் உயிரில் வந்து ஒட்டும். கோவில்பட்டிக்கு மேற்கே, கரிசல் காட்டின் நடுவே எழும் கழுகுமலையில் பாண்டியர் காலத்தில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கியவர்கள் அந்தச் சமயத்தினர். நீரிலேயே உயிருண்டு என்பது அவர்கள் கொள்கை. பாசியைத் தொடு உணர்வு மட்டும் கொண்ட ஓரறிவு உயிராக எண்ணினார்கள். தொல்காப்பிய மரபியலும் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிராகவே வகுக்கிறது.

அந்தப் பழைய கேள்விக்கு இன்று கரிசல் நிலத்தின் கிழக்கு எல்லையான மன்னார் வளைகுடாவில் விடை தேட வேண்டியிருக்கிறது; அங்கே கடற்பாசியில் உலோகம் சேர்கிறது. செம்பு, காட்மியம், ஈயம், பாதரசம் முதலியவை மாசுபடாத கடல்நீரில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாகவே இருக்கும். தூத்துக்குடிக் கரையில் அந்த அளவைக் கூட்டக்கூடிய வழிகள் பல: 1979 முதல் இயங்கும் அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல், ஆலைக் கழிவு, நகரச் சாக்கடை, கப்பலின் அடிப்பாகத்தில் பூசும் செம்பு கலந்த வண்ணம். உள்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. சாத்தூர், விளாத்திகுளம் வழியாக ஓடி வளைகுடாவில் கலக்கும் வைப்பாறு, ஐப்பசி கார்த்திகை மழையில் கரிசல் மண்ணை அள்ளிச் செல்கிறது. கரிசலின் களித்துகள் உலோகங்களை இறுகப் பிடிக்கும் தன்மையுடையது. பாஸ்பேட் உரத்தோடு வயலுக்கு வரும் காட்மியமும் அதில் ஒட்டிக்கொள்ளும். முகத்துவாரத்தில் உப்புநீர் பட்டதும் குளோரைடு அந்தப் பிடியைத் தளர்த்த, காட்மியத்தில் ஒரு பகுதி கரைந்து கடலுக்குள் போகிறது. பருத்திக்கும் உளுந்துக்கும் உரமிட்டவர் கடலையே பார்த்திராதவராக இருக்கலாம்.

கடலில் இந்த உலோகங்களை முதலில் ஏற்பவற்றுள் ஒன்று பாசி. மீனவர்கள் கட்டக்கோரை என்று சொல்லும் சர்காசம் போன்ற பழுப்புப் பாசிகளின் செல்சுவரில் ஆல்ஜினேட் இருக்கிறது. அது உலோக அயனிகளைப் பற்றி வைக்கும். அதனால் உலர்ந்த பாசியில் உலோகத்தின் செறிவு சுற்றியுள்ள நீரில் இருப்பதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு ஆகிவிடும். துத்தநாகம் புகும் வழியிலேயே காட்மியமும் புகுகிறது. செம்பு பாசிக்குத் தேவையானது. ஆனால் சற்று மிகுந்தாலும் ஒளிச்சேர்க்கையைக் கெடுக்கும். எண்ணெயும் சாக்கடையும் காலப்போக்கில் சிதையும், உலோகம் சிதையாது. பாசியை மேயும் நத்தைக்கும் மீனுக்கும் அது கைமாறுகிறது. நீர் மாதிரி எடுத்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். பாசியோ பல வாரங்களாகச் சேர்ந்ததைக் காட்டுவதால் ஆய்வாளர்கள் அதை மாசின் அளவுகோலாகக் கொள்கிறார்கள்.

தன் பங்கு மிகச் சிறிது, கடலோ மிகப் பெரிது என்று ஒவ்வொருவரும் சொல்லலாம். பிரிட்டிஷ் மெய்யியலாளர் டெரக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட நூலில் இந்த வாதத்தைக் கணக்குப் பிழை என்றே காட்டினார்: தனியொருவர் செயலின் விளைவை மட்டும் பார்ப்பது போதாது, எல்லோரும் சேர்ந்து விளைவிப்பதையும் பார்க்க வேண்டும். சமண ஆசாரியர் உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இன்னும் நுட்பமானது. அசட்டையான செயலால் உயிருக்கு ஊறு நேர்வதே அதன்படி இம்சை. வெறும் எண்ணமும் அளவாகாது, வெறும் விளைவும் அளவாகாது. எடுத்துக்கொள்ள வேண்டிய கவனத்தை எடுத்தோமா என்பதே அளவு. மாசு விஷயத்தில் இதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடையாது. பாசியில் சேர்வதை ஒருவரும் அளக்காத காலத்தில் அறியாமை ஓரளவு மன்னிப்புக்கு உரியது. அளந்தபின் அந்தச் சலுகை இல்லை.

ஜப்பானின் மினமாட்டாவில் ஆலையொன்று கடலில் விட்ட பாதரசக் கழிவால் மக்களுக்கு நரம்பு நோய் வந்தது. 1959இலேயே அந்த ஆலையின் மருத்துவர் ஹோசோகாவா, ஆலைக் கழிவை உண்ட பூனைக்கும் அந்த நோய் வருவதைக் கண்டறிந்தார். நிறுவனம் அதை மறைத்தது. பாதரசக் கழிவு 1968 வரை கடலில் விழுந்தது. அறிந்தபின் நடந்த அந்த ஒன்பது ஆண்டுகளை எந்தச் சமயமும் அறியாப் பிழை என்று கொள்ளாது.

தூத்துக்குடிக் கரைக்கும் இதே நியாயம்தான். பாசியிலும் மீனிலும் உள்ள உலோக அளவைப் பருவந்தோறும் அளந்து, அந்த எண்களை மீனவ ஊர்களிலும் வைப்பாற்றுக் கரை ஊர்களிலும் தமிழில் அறிவிக்க அரசும் ஆலைகளும் கடமைப்பட்டுள்ளன.