பிறப்பதற்கு முன்பே ஓர் இடம்

கிறிஸ்மஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் கடைசி வாரத்தில் தருமபுரி மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கேழ்வரகுக்கு இரண்டு வேலை. அடுப்பில் களியாகும்; கூடத்து மூலையில், பிள்ளைகள் பழைய தட்டிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் விதைத்த இடத்தில், பசும்புல்லாக எழும்பும். அந்தப் புல்லைச் சுற்றித்தான் கிறிஸ்மஸ் குடில் உருவாகிறது. கசக்கிய காகிதம் மலையாகிறது, கண்ணாடித் துண்டு குளமாகிறது. இடையர்களுக்கும் ஆடுகளுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் பேருந்தும் வந்து நிற்கும். பெரியவர்கள் அதை எடுத்து ஓரமாக வைப்பார்கள். மறுநாள் காலையில் அது பழைய இடத்துக்கே திரும்பியிருக்கும். விட்டுவிடலாம் என்பதே என் கட்சி. 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசியின் பிரான்சிஸ் குடில் அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். லூக்கா எழுதிய பிறப்பு நிகழ்ச்சியில் அவையும்தான் இல்லை.

இத்தனை தாராளத்துக்கும் ஒரே ஒரு விலக்கு உண்டு. குழந்தை இயேசுவின் சொரூபத்தை மட்டும் யாரும் முன்கூட்டி எடுத்து வைக்கக் கூடாது. டிசம்பர் 24 நள்ளிரவு வரை தீவனத் தொட்டி வைக்கோலோடு வெறுமையாகவே கிடக்கும். சிறு பிள்ளைகளுக்கு இந்த வெறுமை பொறுப்பதில்லை. ஏன் இன்னும் வைக்கவில்லை என்று கேட்டுத் துளைப்பார்கள். "இன்னும் பொறக்கல கண்ணு" என்று சொல்லிவிட்டு அம்மா முறுக்கு மாவைப் பிசையப் போய்விடுவாள்.

அவள் போகிறபோக்கில் சொன்ன அந்தப் பதிலில் நாம் சற்றுத் தங்கிப் பார்க்கலாம். இன்னும் பிறக்காத ஒருவருக்காக வீட்டில் ஓர் இடம் ஒழித்து வைக்கப்பட்டிருக்கிறது. அவர் என்ன படிப்பார், எவ்வளவு சம்பாதிப்பார், முதுமையில் நம்மைத் தாங்குவாரா என்ற கேள்விகள் எதுவும் அந்த வைக்கோலின் மேல் எழுதப்படவில்லை. தகுதியைக் கண்டபின் இடம் தருவதே உலக வழக்கம். பள்ளிச் சேர்க்கையும் அப்படித்தான், வேலையும் அப்படித்தான், சம்பந்தம் பேசுவதும் அப்படித்தான். குடிலோ அந்த வரிசையை மாற்றிவிடுகிறது. முதலில் இடம், பிறகுதான் ஆள்.

தருமபுரியில் இருந்துகொண்டு இதை எளிதாகச் சொல்லிக் கடந்துவிட முடியாது. பிறந்த பெண் சிசுவைக் கொன்றுவிடும் கொடுமையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் இந்த மாவட்டத்துக்கும் விரிவாக்கப்பட்டது. வேண்டாம் என்றால் கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று ஓர் அரசாங்கம் தன் மக்களிடம் கேட்க நேர்ந்தது. பெத்லகேம் கதை ஒரு குடிக்கணக்கெடுப்பில் தொடங்குகிறது. நம் கணக்கெடுப்பும் ஒரு கதை சொன்னது. 2001இல் தமிழ்நாட்டில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 942; தருமபுரியில் அதைவிட வெகுவாகக் குறைவு. 2011இல் நிலைமை ஓரளவு தேறியது உண்மை. ஆனாலும் கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று திருட்டுத்தனமாக ஸ்கேன் செய்து சொல்லும் கும்பல்கள் இங்கே பிடிபடுவதை இன்றைக்கும் நாளிதழில் படிக்கிறோம். இதில் இந்த மதம், அந்த மதம் என்று விலகி நிற்க யாருக்கும் உரிமை இல்லை.

கிறிஸ்மஸ் முடிந்த மூன்றாம் நாள், டிசம்பர் 28, ஏரோது மன்னனின் வாளுக்கு இரையான மாசில்லாக் குழந்தைகளைத் திருச்சபை நினைவுகூர்கிறது. கேக்கின் இனிப்பு நாவை விட்டுப் போவதற்குள் வந்துவிடுகிற இந்த நாளை நம் வீடுகள் பெரும்பாலும் பேசாமலே கடத்திவிடுகின்றன. ஐந்து வயதுப் பிள்ளையிடம் ரத்தத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லைதான். ஆனால் பெரியவர்களாகிய நாம் ஏரோதைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்பது நல்லது. அவனும் ஒரு குழந்தையைப் பற்றித்தான் இரவும் பகலும் யோசித்தான். அந்தக் குழந்தை வளர்ந்தால் தன் அரியணை என்னவாகும் என்று கூட்டிக் கழித்துப் பார்த்தான். இடையர்கள் அதே குழந்தையை எந்தக் கணக்கும் இல்லாமல் தேடிப் போனார்கள். நகைக்கும் சீருக்கும் எங்கே போவது, நிலம் யார் கைக்குப் போகும் என்று பிறக்குமுன்பே கணக்குப் போடுகிற குடும்பத்துக்கு அரண்மனை இல்லாமல் இருக்கலாம். அச்சம் மட்டும் அதே அச்சம்தான். எதிர்பார்ப்பதும் கணக்குப் பார்ப்பதும் ஒரே குழந்தையை நோக்கி நீளும் இரண்டு கைகள். எந்தக் கை நம்முடையது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் தன் வீட்டுக்குள்ளேயே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

பெங்களூரிலும் ஓசூரிலும் கட்டட வேலைக்குப் போனவர்கள் இந்த வாரத்தில்தான் பிள்ளைகளோடு ஊர் திரும்புகிறார்கள். பிறர் குடியேறப்போகும் அடுக்கு மாடிகளின் காலடியில், தகரக் கொட்டகைகளில் பிள்ளை வளர்த்தவர்களுக்குச் இயேசு பிறந்த இரவில் சத்திரத்தில் இடமில்லாமல் போன கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தருமபுரி திரு இருதயப் பேராலயத்திலும் சுற்றுப்பட்டுக் கோயில்களிலும் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, மார்கழிப் பனியில் தூக்கக் கண்களோடு வீடு வந்து சேர்ந்ததும், சொரூபத்தை எடுத்துத் தொட்டியில் கிடத்துவது பல வீடுகளில் கடைக்குட்டியின் உரிமை. அந்தக் கடைக்குட்டி பெண்ணாக இருந்தால், தான் செய்வது என்னவென்று அறியாமலே அவள் நம்மை ஒரு வாக்குறுதிக்குச் சாட்சியாக்கிவிடுகிறாள். ஏனென்றால் தெய்வமே ஒரு குழந்தையாக வந்து, யாரேனும் தூக்கினால்தான் உண்டு என்ற நிலையில் மனிதர் கையை நம்பிக் கிடந்தது என்று நம்புகிறவர்கள், கையை நம்பிக் கிடக்கும் எந்த உயிரையும் பார்த்து உன்னால் எனக்கு என்ன பயன் என்று கேட்கும் உரிமையை அந்த நம்பிக்கையினாலேயே இழந்துவிடுகிறார்கள்.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரித்து அட்டைப்பெட்டியில் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிடுவோம். அந்தப் பெண்ணோ வீட்டிலேதான் இருப்பாள். பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறையும்போது, வயது பதினெட்டு ஆகுமுன்பே உறவுக்காரர் ஒரு வரனோடு வாசலில் வந்து உட்காரும்போது, மேலே படிக்கிறேன் என்று அவள் அடங்கிய குரலில் சொல்லும்போது, ஒவ்வொரு முறையும் அவள் நம்மிடம் கேட்பது அந்த இடத்தைத்தான்.