கொலுப்படியில் வயது எதற்கு?

மாமல்லபுரத்தில் பல்லவர் செதுக்கிய ஐந்து ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் இன்று நித்திய பூஜை கிடையாது. 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்தக் கற்களை நுழைவுச்சீட்டு வாங்கித்தான் பார்க்க வேண்டும். அதே ஊரின் சாலையோரப் பட்டறையில் இப்போது உளிபடும் கருங்கல்லோ, நாளைக்கு எங்கோ ஓர் ஊரில் கண் திறக்கப்பட்டுப் பாலாபிஷேகம் காணப்போகிறது. அப்படியானால் தெய்வத்துக்கும் வயதுக்கும் என்ன உறவு?

இந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே வரும் இடம் கொலுப்படி.

பரணிலிருந்து இறங்கும் மரப்பாச்சி ஜோடியைப் பழம்பொருள் சேகரிப்பவர் எடைபோட்டுப் பார்ப்பார். நல்ல செம்மரம் கையில் கனக்கும், தண்ணீரில் மூழ்கும். பல தலைமுறை கைபட்ட பொம்மையில் மூக்கும் முலையும் மழுங்கி, சிவப்பு கறுத்திருக்கும். லேசான மரத்துக்குச் சாயம் பூசிய புதுசு என்றால், ஈரப்பஞ்சில் துடைத்ததும் பெரும்பாலும் நிறம் ஒட்டிக்கொள்ளும். செம்மரத்தின் சொந்தச் சிவப்பு சாராயத்தில் கரையுமே தவிர, தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. காஞ்சிபுரத்துக் காகிதக்கூழ் பொம்மை பார்க்கப் பெரிதாக இருந்தாலும் தூக்கினால் லேசு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கனக்கும். சரியாகத் தேய்க்காவிட்டால் பக்கவாட்டில் அச்சின் தையல்கோடு தெரியும்.

சேகரிப்பவரும் கொலு வைக்கும் பாட்டியும் பிரிவது பெயின்ட் டப்பாவில்தான். மீண்டும் வர்ணம் பூசினால் விலை போச்சு என்பார் அவர். கிருஷ்ணர் முகம் உரிந்திருக்க எப்படிப் படியில் வைப்பது என்று பாட்டி கேட்பார். பாட்டியின் பக்கம் ஆகமம் இருக்கிறது. பின்னமான மூர்த்தி பூஜைக்கு ஆகாது; திருப்பணியின்போது தெய்வசாந்நித்தியத்தைக் கலாகர்ஷணம் செய்து கும்பத்துக்கு மாற்றி, பிறகு புதுப்பித்த பிம்பத்தில் மறுபடி நிலைநிறுத்துவார்கள். கொலுவிலும் அப்படித்தான்: கலசம் வைத்ததும் படி சந்நிதியாகிறது, விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்ததும் முடிகிறது. நேற்று வாங்கிய செட்டியார் பொம்மைக்கும் அதே ஆரத்திதான்.

அப்படியென்றால் நகல் ஒரு குற்றமே இல்லையா? கும்பகோணம் பக்கத்துச் சிவபுரத்தை நினைக்க வேண்டும். 1951-இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராஜர் பழுதுபார்க்கப் போனார். திரும்பி வந்தது நகல். 1965-இல் டக்ளஸ் பாரெட் என்ற அறிஞர் எழுதிய பிறகே விஷயம் வெளியே வந்தது. அசல் மூர்த்தியை 1973-இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை வாங்கியது. 1986-இல்தான் அது இந்தியா திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த நகலின் முன் கைகூப்பியவர்களின் பக்தி பொய்யாகிவிடவில்லை. ஆனால் அவர்கள் களவு கொடுத்தவர்கள். நகல் எடுத்த கை பாவம் செய்யவில்லை, நகலை அசல் என்று சொன்ன வாய்தான் செய்தது. 'சாமி எதிலும் இருப்பார்' என்ற ஆறுதல் திருடனுக்கு வசதியாகப் போய்விடக் கூடாது.

ஆகவே படியில் வயது கேட்க வேண்டாம். விற்கும்போதும் வாங்கும்போதும் கேட்டே ஆக வேண்டும். வர்ணம் பூசுமுன் பொம்மையை நாலு பக்கமும் படம் எடுத்து, எந்தக் கல்யாணத்துக்கு யார் கொடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது. மரப்பாச்சிக்கு மட்டும் வார்னிஷ் வேண்டாம். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, புதுப் பட்டுக் கட்டினால் போதும்.